சின்ன மாப்பிள்ளை

ஏசிக்காரருக்கு இரண்டு மாப்பிள்ளைகள். ஒருவர் அவருடைய ஒரே மகளைக் கட்டியவர். இன்னொருவர் மீன்.

மகளைக் கட்டியவர் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி ஆள். கல்யாணமான நாளிலிருந்து மாமனாரும் மருமகனும் பேசியதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் ஒரு டீ ஆறுகிற நேரத்துக்குத் தாங்காது. "வாங்க மாப்பிள்ளை." "நல்லா இருக்கீங்களா மாமா?" "சாப்பிடுங்க மாப்பிள்ளை." "போதும் மாமா." அதோடு சரி. ஏசிக்காரரோ ஏணியில் நின்றுகொண்டு கீழே இருக்கிற வீட்டுக்காரரிடம் உலக விஷயம் பேசியபடியே ஏசி மெஷினைக் கழற்றி மாட்டிவிடுகிற மனிதர். பேசாத ஆளைக் கண்டால் அவருக்கு மண்டை காயும்.

"மனசுக்குள்ள நம்மளப் பத்தி என்ன நினைக்கிறாரோ தெரியலையே" என்று மனைவியிடம் புலம்புவார்.

"நினைக்கிறதுக்காவது இடம் விட்டீங்களே, அந்த மட்டும் சந்தோஷம்" என்பாள் அவள். பேக்கரி கவுண்டரில் காலையிலிருந்து மத்தியானம் வரை நிற்பவள். நாளெல்லாம் கூட்டத்துக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய்.

மருமகனை ஆஸ்பத்திரிக்காரர்கள் வேறு ஊரிலிருந்த கிளைக்கு ஒரு வருஷம் போய் வரச் சொன்னார்கள். மகளும் கூடப் போனாள். அங்கே கிடைத்த வாடகை வீட்டில் மீன் தொட்டி வைக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் கடல் மீன் தொட்டி ஏசிக்காரர் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தது. தொட்டி என்றால் ஏதோ மேஜை மேல் வைக்கிற கண்ணாடிக் குடுவை என்று நினைத்துத் தலையாட்டியிருந்தார். வண்டியிலிருந்து இறக்கியது ஒரு கட்டில் நீளம் இருந்தது. அதற்கு அடியில் மரப்பெட்டி, பெட்டிக்குள் இன்னொரு சின்னத் தொட்டி, பம்பு, தண்ணீரைக் குளிர வைக்கிற சில்லர், கறுப்பு வாளிகளில் கடல் பாறைகள், நத்தைகள், காற்றில்லாமலே அசைகிற மெத்தென்ற பவளங்கள். கடைசியாக ஒரு மூடி போட்ட வாளியை மருமகன் மடியில் வைத்துக்கொண்டே வந்து இறங்கினார். அதில்தான் மஞ்சள் மீன் இருந்தது.

எலுமிச்சம்பழத்தைத் தட்டையாக நசுக்கி, முன்னால் ஒரு கூர்மூக்கு வைத்தது போல இருந்தது அது. வாலடியில் இரண்டு பக்கமும் வெள்ளையாக ஒரு முள். கோபம் வந்தால் அதை நீட்டிக் கீறிவிடும் என்றார் மருமகன். கல்யாணத்துக்கு முன்னால் ஒற்றை அறையில் தனியாக இருந்த காலத்திலிருந்து அவரோடு இருக்கிற மீன். ராத்திரி டியூட்டி முடித்துப் பூட்டைத் திறந்தால் வீட்டில் அசைகிற உயிர் அது ஒன்றுதான் இருக்குமாம். இதை மகள் சொன்னாள். அவர் எங்கே இதையெல்லாம் சொல்லப் போகிறார்.

ஆனால் அன்றைக்கு அவர் பேசினார். தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"முன்பக்கக் கண்ணாடிய மட்டும் தொடைங்க மாமா. பின்பக்கக் கண்ணாடியில பச்சையா பாசி பிடிக்கும். அதை விட்டுடுங்க. இது நாள் முழுக்க மேயற ஜாதி. பாசியக் கொத்திக்கிட்டே இருக்கும். அது போதாதுன்னா இந்தக் காஞ்ச கடல்பாசித் தாளக் கிளிப்புல மாட்டுங்க. தண்ணி வத்தினா நல்ல தண்ணி ஊத்துங்க, உப்புத் தண்ணி ஊத்தக்கூடாது. எதுவா இருந்தாலும் எனக்கு ஒரு போன் போடுங்க மாமா."

கடைசி வாக்கியம் மட்டும் ஏசிக்காரருக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷமாக ஊரில் பாதி வீட்டைக் குளிர வைத்திருக்கிற மனுஷனுக்கு ஒரு மீனைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா? ஆனாலும் மாப்பிள்ளையாயிற்றே. "அதுக்கென்ன, போட்டுட்டாப் போச்சு" என்றார்.

மீனுக்குச் சின்ன மாப்பிள்ளை என்று பேர் வைத்தது அவர்தான். எந்நேரமும் சாப்பாடு, கொஞ்சம் தாமதமானால் முகத்தைத் திருப்பிக்கொள்வது, அடுத்தவர் பக்கத்தில் வந்தால் முள்ளைக் காட்டுவது, எல்லாம் பொருத்தமாகத்தான் இருந்தது. பேச்சுத் துணைக்கும் பெரிய மாப்பிள்ளையை விட இது தேவலை. வேலை முடிந்து வந்து, கை கழுவி, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் அது கண்ணாடி ஓரமாக வந்து அவர் முகத்துக்கு நேராக நிற்கும். அவர் அன்றைக்குப் பார்த்த வேலைகளைச் சொல்வார். கிளிப்பில் பாசித் தாளை மாட்டினால் ஓடி வந்து பிய்க்கும். பிய்த்துவிட்டுத் திரும்பவும் பின்பக்கக் கண்ணாடிக்குப் போய்க் கொத்திக் கொத்தி மேயும். அது மேய்ந்த இடம் விரல் நகத்தால் சுரண்டினாற்போல் கோடு கோடாகத் தெரியும். இவர் சாப்பிட உட்கார்ந்தால் மனைவி சொல்வாள்: "அங்க ஒருத்தர் மேயறாரு, இங்க ஒருத்தர் மேயறாரு. எனக்குத்தான் நேரமில்ல."

பாசி மட்டும் அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. அழுக்கை எடுப்பதுதான் அவர் தொழிலில் பாதி. ஆனாலும் கை வைக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

வெயில் காலம் வந்தது. ஏசிக்காரருக்கு அதுதான் சீசன். காலையில் போட்ட சட்டை மத்தியானத்துக்குள் முதுகில் ஒட்டிக்கொள்ளும், மொட்டை மாடித் தகரத்தில் கை வைத்தால் பொசுக்கும், போன் ஓயாமல் அடிக்கும். அப்படி ஒரு மத்தியானம் மனைவி கூப்பிட்டாள்.

"ஏங்க, மீன் தொட்டிக்கு அடியில இருக்கிற மெஷின் சத்தமே போடல. தண்ணியத் தொட்டுப் பார்த்தேன், குளிக்கலாம் போல இருக்கு."

பாதி வேலையை விட்டுவிட்டு வந்தார். சில்லரைக் கழற்றிப் பார்த்தால் கேஸ் துளிகூட இல்லை. தண்ணீர் ஓடுகிற கூட்டுக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு சுருள், காயில் என்பார்கள், அதன் முனையில் கசிவு. அவர் தன் வாழ்நாளில் செம்பையும் அலுமினியத்தையும் பற்றவைத்தவர். இந்தச் சாம்பல் உலோகம் அவருடைய நெருப்புக்கு மசியவே இல்லை. எத்தனை தரம் காட்டினாலும் பற்றவைக்கிற கம்பி உருகி, ஒட்டாமல் உருண்டு உருண்டு கீழே விழுந்தது.

"செம்பு போட மனசு வராம என்னத்தையோ தகரத்தப் போட்டு ஏமாத்தியிருக்கான்" என்றார்.

"மாப்பிள்ளைக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்."

"அவர்கிட்ட என்னத்தக் கேக்கறது? ஊசி போடறதப் பத்தின்னா அவர்கிட்டக் கேப்பேன். இது என் தொழில்."

"தொழில் உங்களோடதுதான். மீன் அவரோடதுல்ல?"

"நீ அந்த ஃபேனைத் தொட்டிப் பக்கம் திருப்பி வை. பேசிட்டே இருக்காத."

அதற்கப்புறம் அவர் செய்த வேலை இருக்கிறதே, அதை யார் பார்த்திருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். வண்டியில் மிச்சமிருந்த செம்புக் குழாயைத் தரையில் உருட்டி நிமிர்த்தினார். பெயின்ட் டப்பா ஒன்றைச் சுற்றி, ஒரு நெளிவு இல்லாமல், ஒரு இடத்தில் நசுங்காமல், சுருள் சுருளாகச் சுற்றி எடுத்தார். வெள்ளிக் கம்பி வைத்து மூட்டுகளைப் பற்றவைத்தார். சோப்பு நுரை தடவி ஒரு குமிழி கூட வரவில்லை என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். சும்மா வைத்தாலே போதும். ஆனால் மருமகன் வீட்டுச் சாமான் அல்லவா, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தங்கம் போல மின்ன வைத்தார். காற்றை உறிஞ்சி எடுத்து, கேஸ் ஏற்றி, சுருளை மரப்பெட்டிக்குள் இருந்த சின்னத் தொட்டித் தண்ணீரில் இறக்கினார். பொழுது சாய்வதற்குள் தண்ணீரின் குளிர்ச்சி மருமகன் சொல்லியிருந்த அளவுக்கு வந்து நின்றது. சின்ன மாப்பிள்ளை துள்ளிக்கொண்டு வந்து பாசித் தாளைப் பிய்த்தது. ஏசிக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அதற்கப்புறம் இன்னொரு அதிசயமும் நடந்தது. நாளுக்கு நாள் தொட்டி சுத்தமாகிக்கொண்டே வந்தது. பாறை மேல் இருந்த பச்சை வெளுத்தது. பின்பக்கக் கண்ணாடியில் இருந்த பாசி தானாக உரிந்து விழுந்தது. தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்குத் தெளிவு. இவர் ஒரு தேய்ப்புக்கூடத் தேய்க்கவில்லை.

"பாத்தியா, சரியான கூலிங் குடுத்தா அழுக்கே அண்டாது" என்றார் மனைவியிடம்.

"நத்தை ரெண்டு கீழ விழுந்து கெடக்குங்க. பவளமும் சுருங்கின மாதிரி இருக்கு."

"நத்தை விழுந்தா எந்திரிக்கத் தெரியாதா அதுக்கு? வெயில்ல எல்லாந்தான் சுருங்கும்" என்று சொல்லிவிட்டு, கையை விட்டு நத்தைகளை நிமிர்த்தி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வீடியோவில் வந்தாள். ஏசிக்காரர் அவளிடம் நலம்கூட விசாரிக்கவில்லை. "அவர எங்க? அவர்கிட்டக் குடு" என்றார். மகளே ஆச்சரியப்பட்டுப் போனை நீட்டினாள். மனிதர் ஆரம்பித்தார். சில்லர் நின்றது, கசிவைக் கண்டுபிடித்தது, பெயின்ட் டப்பாவில் சுற்றியது, மூட்டு வைத்தது ஒன்று விடாமல் சொன்னார். மரப்பெட்டிக் கதவைத் திறந்து, குனிந்து, போனை உள்ளே நீட்டி, மின்னுகிற சுருளைக் காட்டினார். அப்புறம் கண்ணாடியைக் காட்டினார்.

மருமகன் போனுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார். 

"பின்பக்கக் கண்ணாடி தேச்சீங்களா மாமா?"

"எங்க தேச்சேன்? தானா சுத்தமாச்சு மாப்பிள்ளை! எல்லாம் காயில் செஞ்ச வேலை."

"மாமா... அந்தப் பழைய சில்லர, கம்பெனிக்காரங்கள வந்து பார்க்கச் சொல்லட்டுமா?"

"எதுக்கு? நான் ஒருத்தன் இருக்கறப்போ கம்பெனிக்காரன் எதுக்கு மாப்பிள்ளை? அவன் போட்டது தகரம். நான் போட்டிருக்கிறது செம்பு. என் காலத்துக்கும் இருக்கும்."

"இல்ல மாமா, சும்மா கேட்டேன்."

"எப்படி இருக்கு, அதச் சொல்லுங்க."

"ரொம்ப நல்லா இருக்கு மாமா. வேலை ரொம்ப சுத்தம்."

போனை வைத்துவிட்டு ஏசிக்காரர் மனைவியைப் பெருமையாகப் பார்த்தார். "நல்ல மனுஷன். நாமதான் இத்தனை நாள் பேச்சுக் குடுக்காம இருந்துட்டோம்" என்றார். அன்றைக்கு ஒரு வாய் கூடுதலாகவே சாப்பிட்டார்.

அடுத்து வந்த நாட்களில் மீனின் மஞ்சள் வெளிறியது. பாசித் தாளை மாட்டினால் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுத் திரும்பியது. பின்பக்கக் கண்ணாடிக்குப் போய், ஒன்றுமே இல்லாத இடத்தில் வாயை வைத்து வைத்து எடுத்தது. வெறும் கண்ணாடியை அது கொத்துகிற சத்தம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவருக்கு டிக் டிக்கென்று கேட்டது. பிறகு அதுவும் நின்றது. பம்புத் தண்ணீர் விழுகிற மூலையில் சாய்ந்துகொண்டு, ஓடி வந்தவன் மூச்சு வாங்குவதைப் போலச் செவுளை அடித்துக்கொண்டு நின்றது.

"இப்பவாவது அவருக்கு ஒரு போன் போடுங்க" என்றாள் மனைவி.

"வேலையில இருப்பாரு. பதறிடுவாரு. நான் கடைக்குப் போய் மருந்து வாங்கிட்டு வந்துடறேன்."

வளர்ப்பு மீன் கடையை நடத்துகிற அம்மாள் கையில் வலையோடு அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே ஒவ்வொரு தொட்டியாகத் துழாவிக்கொண்டிருந்தாள். நத்தை விழுந்தது, பவளம் சுருங்கியது, பாசி தானாகப் போனது எல்லாம் சொன்னார். அவள் வலையைக் கீழே வைத்தாள்.

"தண்ணிக்குள்ள புதுசா என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடல. கூலிங் காயில் மட்டும் மாத்தினேன்."

"என்ன காயில்?"

"செம்புதான். நல்ல செம்பு."

"கடல் தண்ணிக்குள்ளயா?" அவள் குரல் உயர்ந்துவிட்டது. "ஐயா, செம்ப உப்புத் தண்ணி கரைச்சுடுமே! நத்தை, பவளம், பாசி எல்லாத்துக்கும் அது விஷம். அதிகமானா மீனுக்கும் விஷம்தான். அதுக்குத்தான் சில்லருக்குள்ள காயிலை உப்புல கரையாத டைட்டானியத்துல போட்டிருப்பாங்க. பழசக் கழட்டினப்போ சாம்பலா இருந்திருக்குமே, பாக்கலையா?"

 கடற்கரை ஓரத்து வீடுகளுக்கு அவர் வேலைக்குப் போனதில்லையா? வெளியில் மாட்டிய மெஷினில் செம்பு பச்சை பூத்து அரித்துப் போயிருப்பதைக் காட்டி, "உப்புக் காத்து செம்பத் தின்னுடும் சார்" என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார். தின்ற செம்பு எங்கே போகும் என்று ஒரு நாளாவது யோசித்திருந்தால்? கண்ணாடி பளபளவென்று ஆனதைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டல்லவா உட்கார்ந்திருந்தார். அவருக்கு அந்தக் கடையிலேயே எங்காவது உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

செம்பை உறிஞ்சும் பொட்டலமும் தொட்டிக்கான கடல் உப்பு மூட்டையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். வந்த வேகத்தில் சுருளைப் பிடுங்கி வெளியே போட்டார். மின்னிக்கொண்டிருந்தது நிறம் செத்து, அங்கங்கே பச்சை பிடித்திருந்தது. இருவருமாக வாளி வாளியாகப் பழைய தண்ணீரை வெளியேற்றினார்கள். மனைவி உப்பைக் கரைத்துக் கரைத்துக் கொடுத்தாள். சூடு ஏறாமலிருக்க ஐஸ் கட்டிகளைப் பையில் கட்டி மிதக்க விட்டார்கள். அவள் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அதுவே அவருக்கு அதிகம் வலித்தது.

"பொழைச்சுக்கும் இல்ல?" என்று கேட்டார்.

"பொழைச்சுக்கும்" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்? ஆனாலும் அவள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

மறுநாள் மனைவி வேலையிலிருந்து திரும்பிய நேரத்தில் மீன் பாறை இடுக்கில் சாய்ந்து கிடந்தது. அவர் சட்டைக் கையைக்கூட மடிக்காமல் தண்ணீருக்குள் கையை விட்டு எடுத்தார். முள்ளை நீட்டவில்லை. உள்ளங்கையில் அது அவ்வளவு லேசாக இருந்தது. வயிறு ஒட்டிப்போயிருந்தது. ஏசிக்காரர் அழுதார். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய அன்றைக்குக்கூடக் கதவுக்குப் பின்னால் போய் நின்று அழுதவர், முன்னறை நடுவில், மனைவிக்கு எதிரே நின்று, மீனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார்.

அவள் தன் கர்ச்சீப்பை விரித்து அதை வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அந்தக் கடையில இதே மாதிரி மஞ்சள் மீன் இருக்குமாங்க?"

"இருந்துச்சு. பார்த்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வேணாம். கொன்னது ஒண்ணு, ஏமாத்தறது வேறயா?"

மருமகனுக்கு டியூட்டி முடிகிற நேரம் பார்த்துப் போன் செய்தார். வீடியோ இல்லாமல், வெறும் குரல்தான். எப்படி ஆரம்பிப்பது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தார். எல்லாம் மறந்துபோயிற்று.

"மாப்பிள்ளை, உங்க மீன் போயிடுச்சு. நான் பண்ணின தப்பு. செம்புக் காயிலை உள்ள விட்டேன்ல, அது விஷமாம். எனக்குத் தெரியாமப் போச்சு. என்ன மன்னிச்சிருங்க."

மறுமுனையில் பின்னால் யாரோ தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு போகிற சத்தம். அது தேய்ந்து அடங்கிய பிறகுதான் பதில் வந்தது.

"எனக்குத் தெரியும் மாமா."

"என்ன தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை நீங்க காட்டினப்பவே தெரியும். செம்புன்னு பார்த்ததுமே தெரிஞ்சுது."

ஏசிக்காரருக்கு முதலில் வந்தது கோபம்தான்.  "தெரிஞ்சுமா? தெரிஞ்சும் ஏன் மாப்பிள்ளை சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த நிமிஷமே எடுத்திருப்பேனே!"

"சொல்லத்தான் வந்தேன் மாமா. கம்பெனிக்காரங்கன்னு ஆரம்பிச்சேன். உங்க முகம் மாறிடுச்சு." நிறுத்தினார். தொட்டியை இறக்கிய அன்றைக்கு அப்புறம் இந்த மனிதர் இவ்வளவு நீளமாகப் பேசி ஏசிக்காரர் கேட்டதில்லை. "நீங்க என்கிட்ட அவ்வளவு நேரம் பேசினதே அன்னைக்குத்தான். அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. அதுல போய்... என்னால முடியல. வர்ற சனிக்கிழமைக்கு லீவு வாங்கிட்டேன். டிக்கெட்டும் எடுத்தாச்சு. சும்மா பார்க்க வந்த மாதிரி வந்து, ஏதாவது சாக்கு சொல்லி நானே மாத்திடலாம்னு நினைச்சேன். அது வரைக்கும் தாங்கும்னு நினைச்சுட்டேன். தாங்கல."

 மூக்கை உறிஞ்சுவது கேட்டது. ஏசிக்காரருக்கு வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரி நடையில் தன் மகளின் புருஷன் சுவர் ஓரமாக நின்று அழுதுகொண்டிருக்கிறான் என்பது மட்டும் தெரிந்தது. பக்கத்தில் இருந்தால் தோளில் கை வைத்திருப்பார்.

"என்னத் திட்டியிருக்கலாமே மாப்பிள்ளை. யோவ், உனக்கு ஒண்ணும் தெரியாது, அத எடுய்யா வெளியன்னு ஒரு சத்தம் போட்டிருக்கலாமே."

"போட்டிருக்கலாம் மாமா."

"போட்டிருந்தா அது உயிரோட இருக்கும்ல?"

"இருக்கும்." மருமகன் கேட்டார். "ஆனா அதுக்கப்புறம் நீங்க என்கூடப் பேசியிருப்பீங்களா மாமா?"

மனைவி சமையலறை வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவரை அவருக்குத் தெரியாதா?

"பேசியிருக்க மாட்டேன் மாப்பிள்ளை" என்றார் ஏசிக்காரர்.